புளிக்கட்டும் திப்பி!

மாட்டுத் தொட்டிக்குப் போகும் மரவள்ளிச் சக்கையில் லாக்டிக் அமிலம்... ஆய்வகத்தில் முடிந்த வேலை ஆலைக்கு வராதது ஏன்?

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால், பெயர்ப்பலகை பார்க்க வேண்டியதில்லை. சேகோ பேக்டரி வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். புளித்த கஞ்சியும் ஈரச் சாக்கும் சேர்ந்தடிக்கிற வாடை. முதல் தடவை வருகிறவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் தூக்கம் கலையாமல் வருவார்கள்.

தை மாதக் காலை. பேக்டரி வாசலில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்றிய லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. உள்ளே கிழங்கு தோலுரிந்து, குளித்து, அரவை இயந்திரத்துக்குள் விழுந்து கூழாகி வருகிறது. சல்லடை ஆட ஆட வெள்ளைப் பால் கீழே இறங்கித் தொட்டிக்கு ஓடுகிறது. நாளைய ஜவ்வரிசி அதுதான். சல்லடை மேல் தங்குகிற நார்நாரான சக்கையைத்தான் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதற்குப் பெயர் திப்பி. கூடை கூடையாகச் சுமந்து போய்க் களத்தில் கொட்டிப் பரப்புகிறார்கள் பெண்கள். வெயில் ஏற ஏற அது அழுக்கு வெள்ளையாய்க் காய்ந்து, சாக்கில் ஏறி, தீவனத்துக்குப் போகிறது.

எவ்வளவு பிழிந்தாலும் ஆலையால் முழு மாவையும் எடுக்க முடியாது. உலர்ந்த திப்பியின் எடையில் பாதிக்கு மேல் இன்னும் மாவுதான். அந்த மாவைச் சர்க்கரையாக்கி, சரியான நுண்ணுயிரிடம் கொடுத்துப் புளிக்க வைத்தால் கிடைப்பது லாக்டிக் அமிலம். பிஸ்கட்டிலிருந்து பிளாஸ்டிக் வரை, மருத்துவமனை டிரிப்ஸிலிருந்து தோல் தொழிற்சாலை வரை தேவைப்படும் பொருள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேக்டரியைச் சுற்றி மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாடையைக் கிளப்பும் சங்கிலியைத் தொடங்கி வைப்பவையே லாக்டிக் பாக்டீரியாக்கள்தான். மாவுத் தண்ணீர் தேங்கியதும் முதலில் குடியேறுவது அவை. லாக்டிக் அமிலத்துக்கு வாடை கிடையாது. நாறுவது பின்னால் வருகிற வேறு அமிலங்கள். ஆக, யாரும் கேட்காமலே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சாக்கடைகளில் இந்த அமிலம் தினம் தினம் உண்டாகி, தினம் தினம் வீணாகிக்கொண்டிருக்கிறது.

இட்லி மாவு பொங்கலாம்... கலன் பொங்கக் கூடாது!

புளிப்பைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ராத்திரி அரைத்த மாவு காலையில் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்கிறது. தயிர் உறைகிறது. பழைய சோற்றுத் தண்ணீர் இதமாகப் புளிக்கிறது. எல்லாவற்றிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் கைவரிசை இருக்கிறது.

ஆனால் இந்தக் கூட்டத்துக்குள் இரண்டு சாதி. இட்லி மாவில் முக்கிய வேலை பார்க்கும் லியூகோநாஸ்டாக் இனம் சர்க்கரையை அமிலமாகவும், கூடவே கரியமில வாயுவாகவும் பிரித்துவிடும். மாவு உப்புவது அந்த வாயுவால்தான். இட்லிக்கு அது வரம். அமிலம் விற்கப்போகும் ஆலைக்கு நஷ்டம். காசு கொடுத்து வாங்கிய சர்க்கரையில் ஒரு பகுதி காற்றோடு போகிறதே!

அதனால் ஆலைகள் தேடுவது வாயு விடாத வகையை. லாக்டோபேசில்லஸ் டெல்புரூக்கி அப்படிப்பட்டது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை வாங்கிக்கொண்டு இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளைத் திருப்பித் தரும். கணக்குப்படி ஒரு கிலோ குளுக்கோஸுக்கு ஒரு கிலோ அமிலம். இதே குளுக்கோஸை ஈஸ்டிடம் கொடுத்துச் சாராயமாக்கினால் அரைக் கிலோதான் தேறும், மீதி வாயு. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்று இன்னொன்று உண்டு. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டிலும் சளைக்காமல் வேலை செய்யும். அந்தச் சூட்டில் வேறு கிருமிகள் எளிதில் நுழையாது. நம் ஊர் வெயிலுக்கு இந்த ஆள்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. கலனைக் குளிரவைக்கிற செலவாவது குறையும்.

பெட்டிச் செய்தி: புளித்த பாலிலிருந்து பிளாஸ்டிக் வரை

■ 1780: ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்.
■ 1857: புளிப்பு வெறும் வேதிவினை அல்ல, உயிருள்ள நுண்ணுயிரின் வேலை என்று பிரான்ஸின் லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார்.
■ 1881: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லிட்டில்டன் என்ற ஊரில் நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம் தயாரிக்கும் வணிக ஆலை.
■ 2000-களின் தொடக்கம்: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், பிளேர் நகரில் மக்காச்சோள மாவிலிருந்து பாலிலாக்டிக் அமில பிளாஸ்டிக் செய்யும் பெரிய ஆலை.
■ பெட்ரோலிய வழியில் ஆலை செய்யும் லாக்டிக் அமிலத்தில் இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்களும் சரிபாதியாகக் கலந்திருக்கும். தேர்ந்தெடுத்த நுண்ணுயிர் ஒரே வடிவத்தைத் தரும். நுண்ணுயிர் வழி வென்றதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

வைக்கோல் முரண்டு பிடிக்கும்... திப்பி இளகும்!

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் பயிர்க்கழிவு உண்டாவதாக அரசுக் கணக்குகள் சொல்கின்றன. பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரியும் வைக்கோல் டெல்லியின் தொண்டையை அடைப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதையெல்லாம் அமிலமாக்கிவிடலாமே என்று கேட்பது சுலபம்.

வைக்கோலுக்குள்ளும் சர்க்கரை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது செல்லுலோஸ் என்ற கயிறாக முறுக்கேறி, ஹெமிசெல்லுலோஸில் பின்னி, லிக்னின் என்ற பசையால் பூசி மெழுகப்பட்டிருக்கிறது. செடி நிமிர்ந்து நிற்பதற்காக இயற்கை கட்டிய கோட்டை அது. அமிலம், காரம், உயரழுத்த நீராவி என்று ஏதாவது ஒன்றால் அடித்து உடைத்தால்தான் நொதிகள் உள்ளே போக முடியும். உடைக்கும்போதே ஃபர்ஃபுரால் போன்ற வேண்டாத விருந்தாளிகள் பிறக்கிறார்கள். பாக்டீரியாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைப் பல லாக்டிக் பாக்டீரியாக்கள் தொடுவதில்லை. தொடுகிறவற்றிலும் பல, பாதியைக் காடி அமிலமாக்கிவிடும்.

செல்லுலோஸை அறுக்கும் நொதிக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைகளின் பருத்திக் கூடாரங்கள் மளமளவென்று இற்றுப் போயின. காரணம் தேடியபோது சிக்கிய பூஞ்சைக்குப் பின்னாளில் வைத்த பெயர் டிரைக்கோடெர்மா ரீசி. இன்று உலகெங்கும் செல்லுலேஸ் நொதி அதனிடமிருந்தும் அதன் வாரிசுகளிடமிருந்தும்தான் பெருமளவில் வருகிறது. வந்தும் என்ன? விலை கிலோக் கணக்கில் கையைக் கடிக்கிறது.

திப்பிக்கு இந்தப் பாடு கிடையாது. அதில் இருப்பது மாவு. கஞ்சி காய்ச்சுகிற மாதிரி சூடாக்கினால் இளகிவிடும். அமைலேஸ், குளுக்கோஅமைலேஸ் என்ற இரண்டு நொதிகளும் சல்லிசாகக் கிடைப்பவை. குளுக்கோஸ் சிரப் செய்யும் ஆலைகள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வருபவை. தோல், மண், நார் எல்லாம் வடிகட்டியில் தங்கிவிடும்.

இதை யாரோ வெளிநாட்டில் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் இல்லை. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் (இன்றைய பெயர் என்.ஐ.ஐ.எஸ்.டி.) 2006 வாக்கிலேயே மரவள்ளிச் சக்கையை எடுத்து, நொதியையும் லாக்டோபேசில்லஸையும் ஒரே கலனில் விட்டு, ஒருபக்கம் மாவு சர்க்கரையாக, மறுபக்கம் சர்க்கரை அமிலமாக மாறுவதைச் செய்து காட்டி ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டுவிட்டது. ஆத்தூர்க் களத்துக்கும் அந்த ஆய்வகத்துக்கும் நடுவே ஓர் இரவு ரயில் பயணம்தான். திப்பி இன்னும் அந்த ரயிலில் ஏறவில்லை.

சுண்ணாம்பில் மாட்டிய அமிலம்

ஏன் ஏறவில்லை? பலரும் நுண்ணுயிரைக் குறை சொல்வார்கள். அது பாவம், தன் வேலையைச் செய்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகு.

மாவு ஒரு அளவுக்கு மேல் புளிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? தான் உண்டாக்கிய அமிலத்திலேயே பாக்டீரியா சுருண்டுவிடுகிறது. கலனிலும் அதே கதைதான். அது சுருளாமல் இருக்க அவ்வப்போது சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறிக்கிறார்கள். பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறது. ஆனால் கையில் கிடைப்பது அமிலம் அல்ல, கால்சியம் லாக்டேட் என்ற உப்பு. அதிலிருந்து அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். ஊற்றினால் கால்சியம் முழுதும் ஜிப்சமாக அடியில் படிகிறது. ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம்!

ஒரு கழிவைத் தீர்க்கப் போய் இன்னொரு கழிவுக் குன்றை எழுப்பிய கதை இது. ஜிப்சத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. சிமென்ட் ஆலை கேட்கும். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போடச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் நெடுநாள் பரிந்துரை. சேலம், நாமக்கல் பக்கம் கடலைக் காட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த ஜிப்சம் சுத்தமாக இருக்க வேண்டும். அள்ளிப் போகிற லாரி வாடகைக்கும் கட்டுப்படியாக வேண்டும்.

அதற்குப் பிறகும் வடிகட்டல், நிறம் நீக்கல், ஆவியாக்கல் என்று வேலை நீள்கிறது. லாக்டிக் அமிலம் தயாரிக்கும் மொத்தச் செலவில் பெரும்பங்கை விழுங்குவது இந்தச் சுத்திகரிப்புதான். மக்காச்சோள மாவோ, கரும்புச் சர்க்கரையோ சுத்தமாக உள்ளே போகிறது. சுத்தமாக வெளியே வருகிறது. திப்பி அப்படியா? களத்து மண், பூஞ்சை, நார், புரதம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மூலப்பொருளில் மிச்சம் பிடித்த காசு, சுத்திகரிப்பில் கரைந்துவிடுகிறது.

சுண்ணாம்பே வேண்டாம் என்று அமெரிக்காவின் கார்கில் நிறுவனம் அமிலத்தைத் தாங்கும் ஈஸ்டை உருவாக்கிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஜிப்சம் வராத முறைகளைத் தாய்லாந்து ஆலைகளும் பிடித்துவிட்டன. அந்தத் தொழில்நுட்பங்களுக்குக் காப்புரிமை இருக்கிறது, விலை இருக்கிறது. 20 டன் திப்பி வைத்திருக்கிற ஆத்தூர் முதலாளி போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார்கள்.

யாருக்கு வேண்டும் இந்த அமிலம்?

உங்கள் வீட்டு அலமாரியிலேயே தேடலாம். மிட்டாய், ஊறுகாய், பாட்டில் பான உறைகளின் பின்பக்கப் பொடி எழுத்தில் 'ஐ.என்.எஸ். 270' என்று இருந்தால் அது லாக்டிக் அமிலம். மருத்துவமனையில் ஏற்றும் 'ஆர்.எல்.' பாட்டிலில் இருப்பது சோடியம் லாக்டேட் கலந்த உப்புநீர். ஆபரேஷனுக்குப் பிறகு தானே கரைந்துபோகும் தையல் நூல்களில் ஒரு வகை, இந்த அமிலத்தின் சங்கிலியையும் சேர்த்துப் பின்னியது. தோல் பதனிடும்போது சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்கவும் இது உதவும்; ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

ஆனால் உலகமே இதன் பின்னால் ஓடுவது பிளாஸ்டிக்குக்காக. லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்தால் பாலிலாக்டிக் அமிலம். சுருக்கமாக பி.எல்.ஏ. கப், தட்டு, பை, 3டி பிரின்டர் நூல் என்று எல்லாமாகவும் அது உருமாறும். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை போட்டது. நாடு முழுவதற்கும் 2022 ஜூலை 1 முதல் அப்படியொரு தடை வந்தது. மஞ்சப்பையைத் தோளில் மாட்டிவிட்டோம். ஆனால் கடைக்காரர் கேட்கிற 'மாற்று' எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தியாவில் பெரும்பணம் இறங்கியிருப்பதும் இந்த இடத்தில்தான். உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டம் கும்பியில் பல்ராம்பூர் சீனி மில்ஸ் நிறுவனம் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு பி.எல்.ஏ. ஆலை கட்டுகிறது. 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. புனே அருகே ஜெஜுரியில் பிராஜ் நிறுவனம் 2024 அக்டோபரில் செயல்விளக்க ஆலை ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு 'பயோ இ3' என்ற உயிரித் தொழில்நுட்பக் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. எல்லாம் நல்ல செய்தி. ஆனால் கும்பி ஆலை தின்னப்போவது கரும்பின் சர்க்கரையை. கழிவை அல்ல.

பெட்டிச் செய்தி: திப்பிக் கணக்கு

■ ஒரு டன் உலர் திப்பியில் பாதி மாவு என்று வைத்துக்கொண்டால், 500 கிலோ மாவு.
■ 500 கிலோ மாவு நீரோடு சேர்ந்து உடைந்தால் சுமார் 555 கிலோ குளுக்கோஸ். ஏட்டுக் கணக்கில் அமிலமும் அதே அளவு.
■ நொதித்தல், சுத்திகரிப்பு இழப்பெல்லாம் போக 400 கிலோ கைக்கு வந்தால் நல்ல வேலை என்பது என் கணக்கு.
■ ஒரு டன் அமிலத்திலிருந்து அதிகபட்சம் 800 கிலோ பி.எல்.ஏ.
■ ஆண்டுக்கு 75,000 டன் பி.எல்.ஏ. செய்யும் ஆலையைத் திப்பியால் மட்டும் ஓட்ட வேண்டுமென்றால், 10 டன் லாரிகள் தினம் 60-க்கு மேல், வருடம் முழுக்க வர வேண்டும்.

'மக்கும்' என்றால், எங்கே மக்கும்?

பி.எல்.ஏ. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'இது மக்கிவிடும்' என்று நிம்மதியாக வாய்க்காலில் வீசுகிறவர்களுக்கு ஒரு தகவல். அது மக்குவதற்கு ஏறக்குறைய 60 டிகிரி சூடும், ஈரமும், நுண்ணுயிரும் நிறைந்த உரக்குவியல் வேண்டும். வாய்க்காலிலும் ஏரியிலும் கடலிலும் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பார்வைக்கு பெட் பாட்டில் போலவே இருப்பதால், பழைய பிளாஸ்டிக் மறுசுழற்சியில் தெரியாமல் கலந்தால் அந்த மொத்தச் சரக்கையும் கெடுக்கும்.

இன்னொரு குறும்பும் உண்டு. அதே 60 டிகிரியை ஒட்டி வெறும் பி.எல்.ஏ. இளகத் தொடங்கும். நம் டீக்கடை மாஸ்டர் ஆற்றி ஊற்றுகிற டீ அதைவிடச் சூடு. மோருக்கும் ஜூஸுக்கும் சரி, டீக்கு இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

இந்தியச் சட்டப்படி மக்கும் பிளாஸ்டிக் விற்பவர் ஐ.எஸ். 17088 தரத்துக்கு உட்பட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பச்சை நிறத்தில் இலைப் படம் அச்சிட்ட கவரெல்லாம் அந்தத் தகுதி பெற்றது என்று நம்பிவிட வேண்டாம்.

கழிவு என்று யார் சொன்னது?

இங்கேதான் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். 'விவசாயக் கழிவிலிருந்து' என்று தொடங்கும் திட்ட அறிக்கைகள் பலவும், அந்தப் பொருள் ஏதோ குப்பைமேட்டில் கேட்பாரற்றுக் கிடப்பதாகக் கற்பனை செய்கின்றன. தமிழ்நாட்டில் வைக்கோல் மாட்டுக்கு. கரும்புச் சக்கை, சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கு. இல்லையென்றால் புகளூர் காகித ஆலைக்கு. தென்னை நார்க்கழிவு நாற்றங்காலுக்கு. அதில் லிக்னின் ஏராளம் என்பதால் அமிலத்துக்கு லாயக்குமில்லை. திப்பியும் சும்மா இல்லை. ஏழை வீட்டு மாட்டுக்கு அது மலிவான தீவனம். ஒரு பெரிய நிறுவனம் வந்து மொத்தத் திப்பியையும் அள்ளிப் போனால், அடுத்த நாள் தீவன விலை ஏறும். அந்த ஏற்றம் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வராது, பால் கணக்கில் வரும்.

இன்னொரு பக்கம், கிழங்கு போட்ட விவசாயி. சேலம் பக்கம் மரவள்ளிக்கு விலை வைப்பதே கிழங்கில் உள்ள மாவை அளந்து, 'பாயிண்ட்' கணக்கில். பாயிண்ட் குறைத்துக் காட்டுகிறார்கள், விலையை இறக்குகிறார்கள் என்ற மனக்குறை ஒவ்வொரு பருவத்திலும் எழுகிறது. ஆட்சியர் தலைமையில் விவசாயி, ஆலை அதிபர், அரசு என்று முத்தரப்புக் கூட்டம் நடக்கிறது. 1943 வாக்கில், போரால் இறக்குமதி நின்றபோது சேலத்தில் பிறந்த தொழில் இது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை நடந்தும் கூட்டங்களில் பேச்செல்லாம் கிழங்கைப் பற்றியும் ஜவ்வரிசியைப் பற்றியும்தான். திப்பிக்கு நாற்காலி போடுவதில்லை.

எனவே பி.எல்.ஏ. கனவைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். அது கும்பி மாதிரி பெரிய சர்க்கரை ஆலைகளின் ஆட்டம். ஒரே வடிவ அமிலம் 99 சதவிகிதச் சுத்தத்தில் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பொருள் அது. மண்ணும் நாருமாக வருகிற திப்பிக்கு அந்த வாசல் சிறியது.

திப்பியின் முதல் வாடிக்கையாளர் சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறார். நாமக்கல் கோழிப் பண்ணையாளர்! முட்டைக்கோழிக்குக் கால்சியம் வேண்டும், அதன் குடிநீரிலும் தீவனத்திலும் கிருமியை அடக்க அங்கக அமிலம் வேண்டும். கால்சியம் லாக்டேட்டில் இரண்டும் ஓரளவு இருக்கிறது. அதைச் செய்யக் கந்தக அமிலமும் வேண்டாம், ஜிப்சம் குன்றும் எழாது. சுண்ணாம்பு போட்ட இடத்திலேயே நின்றுவிடலாம். தீவனத் தரத்துக்கு, மருந்துத் தரச் சுத்தமும் தேவைப்படாது. கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் மலிவாகக் கிடைக்கும்போது கோழிப் பண்ணையாளர் இதை எந்த விலைக்கு வாங்குவார் என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சோதிக்க 2,000 கோடி தேவையில்லை.

நுண்ணுயிர்த் தொட்டி நம் ஆலைகளுக்குப் புதிதும் அல்ல. வசிஷ்ட நதியும் திருமணிமுத்தாறும் கெடுகின்றன என்று புகார்கள் எழுந்த பிறகு, பல சேகோ பேக்டரிகள் கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போன்ற வாயுவைப் பிடிக்கும் கலன்கள் அமைத்தன. அந்த வாயுவில் அடுப்பெரிகிறது, இயந்திரம் ஓடுகிறது. திப்பியைப் புளிக்கவைத்த பிறகு மிஞ்சும் நாரையும் சாற்றையும் அதே கலனுக்குள் தள்ளலாம். மாவு போன பின் மிஞ்சும் திப்பியில் புரத விகிதம் கூடியிருக்கும் என்பதால், ஒரு பகுதி மாட்டுக்கும் திரும்பிப் போகலாம்.

இதைத் தனியொரு பேக்டரியால் செய்ய முடியாது. ஈரத் திப்பி இரண்டு நாள் தாங்காது. பருவம் முடிந்தால் கிழங்கும் வராது. பத்து, இருபது ஆலைகளின் திப்பியைக் காயவைத்துச் சேமித்து, ஆண்டு முழுதும் ஓடுகிற ஒரு பொதுக் கலன் வேண்டும். அந்த மாதிரி வேலைக்காகவே சேலத்தில் ஒரு கூட்டுறவு இருக்கிறது. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் செய்முறை இருக்கிறது. இவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும்.

சேலம், நாமக்கல் ஆட்சியர்களுக்கும் சேகோசர்வ் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முத்தரப்புக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கிழங்கின் பாயிண்ட் விலைக்குக் கீழே, 'திப்பி' என்று ஒரு வரி சேருங்கள்.